அழாத பிள்ளை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். குதிகாலில் எந்த இடத்தில் குத்துவது, வடிதாளின் வட்டத்துக்குள் இரத்தத்தை எப்படி விழ வைப்பது, அதை எப்படிக் காய விடுவது என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். படிப்பித்தவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். குத்தி முடித்த பிறகு வருகிற பயத்தைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

அந்தப் பயம் உங்களுக்கு இன்னும் வரவில்லையென்றால் பரவாயில்லை, வரும். வராமலே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். சேவையில் இருந்த காலத்தில் எனக்குப் 'பதற்ற மிஸ்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள் என்றில்லை, சிலர் முகத்துக்கு நேரேயும் சொல்வார்கள். கண்டிப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி வருடங்களில் எனக்கு ஒரே வேலைதான். பிறந்த பிள்ளைகளின் குதிகால் இரத்த முடிவில் ஏதாவது பிழை வந்தால், அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்து மறுபடி வரவழைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரமாகத் தேட வேண்டும் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்களுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை அடிக்கடி மறந்துவிடுகிறோம். தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்யாமல் பிறக்கிற பிள்ளை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கண், மூக்கு, விரல் எல்லாம் அழகாக இருக்கும். உள்ளே மூளைக்கு வேண்டியது மட்டும் போய்ச் சேராது. முதல் சில வாரங்களுக்குள் ஒரு சின்ன மாத்திரையைத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடும், படிக்கும், வாயாடும். காலம் தப்பினால் போனது போனதுதான். பிறகு மாத்திரையை அள்ளிக் கொடுத்தாலும் திரும்பாது.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு பெரிய சிஸ்டர். சிங்களப் பெண்மணி. சந்தையிலும் வார்டிலும் பொறுக்கிய தமிழ் பேசுவார். வேலையை ஒப்படைத்தபோது அவர் எனக்கு ஒரே ஒரு புத்திதான் சொன்னார். "கெட்ட நியூஸ் சொல்ல டொக்டர் இருக்கு. நல்ல நியூஸ் நீயே சொல்லு. போன் நீ முதல்ல வைக்க வேணாம்." நல்ல செய்தி சொல்வதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னாரே என்பதற்காகச் செய்துவந்தேன், அவ்வளவுதான்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

ஒருநாள் காலை ஆய்வுகூடத்திலிருந்து போன் வந்தது. அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், அளந்து பேசுகிற மனிதர். அவர் வேகமாகப் பேசினாலே நான் பேனாவை எடுத்துவிடுவேன். அன்றைக்கு வேகமாகத்தான் பேசினார். "மிஸ், இரட்டைப் பிள்ளையள். ரெண்டும் பொம்பிளைப் பிள்ளை. முதலாவதின்ர முடிவு சரியில்லை, நல்லாக் கூடவா இருக்கு. கெதியாக் கூப்பிடுங்கோ."

தாய் பெயர் கௌரி. கெலிஓயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் ஒரு தோட்டத்தில் வீடு. தகப்பன் சிவா, கெலிஓயாவில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. அவருக்குப் போன் எடுத்தேன்.

"ரெண்டும் நல்லாத்தானே மிஸ் இருக்கு?" என்றார்.

"இருக்கட்டும் தம்பி. ஒரு பிள்ளையோட இரத்தத்த மறுபடி பாக்கணும். ரெண்டு பேரயும் தூக்கிட்டு வாங்க."

மறுநாளே வந்துவிட்டார். ஆனால் ஒரு பிள்ளையோடு. கூட வந்திருந்தவர் அவருடைய அக்கா புஷ்பா. அதே வீட்டில் இருப்பவர், தம்பிக்குத் தாய் மாதிரி. அவர் கையில் இருந்த பிள்ளை அழுத அழுகையில் வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு.

"மத்தது எங்க?" என்றேன்.

"ரெட்டப் புள்ளைங்க ரெண்டையும் ஒன்னா வெளிய எடுத்தா கண்ணு படும் மிஸ்," என்றார் புஷ்பா. "பஸ்ஸுல எத்தன பேரு பாப்பாங்க. அதான் ஒன்ன கொண்டாந்தோம்."

"இது முதல்ல பொறந்ததா?"

"ஆமா மிஸ்," என்றார் சிவா.

பிறந்தபோது முதலாவது, இரண்டாவது என்று எழுதிக் கையில் கட்டி அனுப்பிய பட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. வீட்டுக்குப் போய் முதல் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே வெட்டிவிட்டார்களாம். வைத்தியசாலைப் பட்டியோடு பிள்ளையை யார் வீட்டில் வைத்திருப்பார்கள்? நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன்.

"முதல்ல பொறந்ததுதானே? நிச்சயமா?" என்று இன்னொரு தடவை கேட்டேன்.

"நிச்சயமா மிஸ்."

இரத்தம் எடுத்தார்கள். அடுத்த கிளினிக்குக்கு மற்றதையும் கட்டாயம் தூக்கி வரச் சொல்லி அனுப்பினேன். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நான் கொஞ்சமும் நம்பவில்லை.

முடிவு வந்தது. எல்லாம் சரி. முதல் தாளில் இருந்த பிழையின் நிழல்கூட இல்லை. நம்முடைய டொக்டர் சின்ன வயசு, நிதானமானவர். பெருமூச்சு விட்டார். இரட்டைப் பிள்ளைகள், எடை குறைவு, முதல் இரத்தம் சில நேரம் இப்படிக் காட்டிப் பயமுறுத்தும், இரண்டாவது சரியாக வரும். நாம் பார்க்காததல்ல. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வழக்கம்போல நல்ல செய்தி சொல்ல நானே போனை எடுத்தேன். சிவாவின் போன் வேலை செய்யவில்லை. அக்காவின் இலக்கத்துக்கு எடுத்தேன்.

"புஷ்பா, பயப்பட ஒன்னுமில்ல. இரத்தம் நல்லா இருக்கு."

"மாரியாத்தா காப்பாத்திட்டா மிஸ்," என்றார். பின்னால் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "கேக்குதா? ஒங்ககிட்ட கொண்டாந்தது அதுதான். அழுது அழுது ஊரக் கூட்டுது. எங்கிட்ட இருக்கிற மத்தது தங்கம் மிஸ். அழவே அழாது."

நான் போனை வைத்திருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. பெரிய சிஸ்டரின் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டிருந்ததால் வைக்கவில்லை. பேச்சுக்காகக் கேட்டேன்.

"பால் நல்லா குடிக்குதா அது?"

"நாமதான் எழுப்பணும் மிஸ். எழுப்புனாலும் ரெண்டு வாய் குடிச்சிட்டுத் தூங்கிரும். அவ்வளவு பொறும."

"வெளிக்குப் போகுதா?"

"நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா. அதுலயும் ஒரு தொந்தரவு இல்ல."

"மஞ்சள் எல்லாம் போயிருச்சா?"

"கொஞ்சம் இருக்கு. காலையில வெயில் காட்டுறோம்."

"கை கால் சூடா இருக்கா?"

"சில்லுனுதான் இருக்கும். மலையில குளிருதானே மிஸ். நான் நெஞ்சோட அணைச்சு வச்சிக்குவேன்."

நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அந்த மனுஷி பிள்ளையின் பெருமையைத்தான் சொன்னார். ஒவ்வொரு பதிலையும் நான் மேசையில் கிடந்த தாளில் குறித்துக்கொண்டே போனேன். நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்த அறிகுறிகள் அத்தனையும் அந்தப் பெருமைக்குள் இருந்தன. அவர்கள் எப்படி யோசித்திருப்பார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டில் ஒரு பிள்ளைக்கு ஏதோ வியாதி என்று வைத்தியசாலை சொல்கிறது. இரண்டில் எது எந்நேரமும் அழுகிறது? அதற்குத்தான் வியாதி. அழாமல் சமர்த்தாகத் தூங்குகிற பிள்ளைக்கு என்ன குறை? பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எது முதலில் பிறந்தது என்பது பட்டியோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர்கள் அழுகையை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

"புஷ்பா, ஒங்ககிட்ட இருக்கிற பிள்ளைய இன்னைக்கே இங்க கொண்டு வாங்க," என்றேன்.

"இப்பத்தானே மிஸ் நல்லா இருக்குன்னீங்க?" என்றார்.

விளக்கிச் சொல்லப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என் குரல்தான் பதறியதே தவிர அவருக்கு எதுவும் ஏறவில்லை. தம்பி வந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். பகல் சாப்பாட்டு நேரத்தில் சிவா கிடைத்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"காலையில ஒன்னு சொல்றீங்க, இப்ப ஒன்னு சொல்றீங்க மிஸ். போன தடவ குத்துனதுக்கே கௌரி ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அடுத்த கிழம பாப்போம்."

பிள்ளைகளே, கெட்ட செய்தியைச் சொல்வது கஷ்டம் என்பார்கள். சொன்ன நல்ல செய்தியைத் திரும்ப வாங்குவது அதைவிடக் கஷ்டம். அடுத்த கிழமை என்பது அவருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை பிறந்து ஏற்கெனவே எத்தனை நாள் போய்விட்டது என்பது எனக்குத்தான் தெரியும். டொக்டரிடம் போனேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "வீட்டார் முதலாவது பிள்ளை என்றுதானே சொன்னார்கள்?" என்றார் சிங்களத்தில்.

"நான்தான் அப்படிக் கேட்டேன் டொக்டர். அவர்கள் ஆமா என்றார்கள்."

"உங்கள் பயம் பிழையாக இருந்தால்?"

"எனக்கு ஒரு பகல் வீண். அந்த வீட்டில் இனி என்னை மதிக்க மாட்டார்கள்."

"சரியாக இருந்தால்?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "போய்ப் பாருங்கள். வரும்போது இரத்தத்தோடு மட்டும் வர வேண்டாம், பிள்ளையோடு வாருங்கள். நான் வீட்டுக்குப் போகாமல் இருப்பேன்," என்றார்.

பஸ் பிடித்துக் கெலிஓயாவில் இறங்கினேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். சும்மா ஒரு பிள்ளை அதிகமாகத் தூங்குகிறது என்பதற்காக ஒரு வீட்டைக் கலக்கப் போகிறாயா? உன் பதற்றத்தை ஊருக்கெல்லாம் பங்கு போட வேண்டுமா? அப்புறம் அந்தச் சில்லென்ற கை கால் ஞாபகம் வரும். பஸ் இன்னும் வேகமாகப் போகக்கூடாதா என்றிருக்கும்.

ஹாட்வெயார் கடையில் என்னைக் கண்டதும் சிவாவின் முகம் செத்துப்போனது. தாதி சீருடையோடு ஒருத்தி கடைக்குத் தேடி வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். என்ன விஷயம் என்று கேட்டார். நான் இரண்டு வரியில் சொன்னேன். அவர் சிவாவின் கையில் இருந்த பெயின்ட் டின்னை வாங்கி வைத்தார். "புள்ளட விஷயம். நீங்க போங்க, கடய நான் பாத்துக்கிறன்," என்றார். அவரே ஆட்டோவையும் கூப்பிட்டுவிட்டார்.

மேலே ஏறும் பாதையில் ஒரு வளைவில் ஆட்டோ திணறியபோது சிவா கேட்டார்.

"அப்ப எது மிஸ் முதல்ல பொறந்தது?"

"தெரியாது தம்பி. அதுக்குத்தான் போறோம்."

தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தபோது புஷ்பா வாசல் இஸ்தோப்பில், கதவை மறித்தபடி, நின்றுகொண்டிருந்தார். துணியில் சுற்றிய பிள்ளை அவர் நெஞ்சில் இருந்தது. உள்ளே கௌரி மற்றப் பிள்ளையைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். பாவம், தூக்கமில்லாமல் கண் உள்ளே போயிருந்தது. அதன் அழுகைச் சத்தத்தில் எங்களால் உரக்கத்தான் பேச முடிந்தது.

"ஒரு தடவ குத்துனீங்க. சரின்னு சொன்னீங்க. இப்ப இதயும் குத்தணுமா?" புஷ்பா கதவை விட்டு நகரவில்லை. "இது என் புள்ள மிஸ். பொறந்ததுல இருந்து எங்கிட்டதான் தூங்குது. இதுக்கு ஒன்னுமில்ல."

என்னிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. சுரப்பி, மூளை, வாரக் கணக்கு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றைச் சொல்லியிருந்தால் அந்தக் கதவில் நான் தோற்றிருப்பேன். அவருக்கு அந்தப் பிள்ளையை என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் பார்க்காத ஒன்றை நான் அவருக்குச் சொல்லப் போவதில்லை, அவர் பார்த்ததையே மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று தோன்றியது.

"குத்த வேணாம்," என்றேன். "நான் சும்மா ஒக்காந்திருக்கேன். பிள்ளைய எழுப்பி ஒரு வயிறு பால் குடிக்க வைங்க. அது நல்லா குடிச்சா நான் எந்திரிச்சுப் போயிர்றேன்."

இதில் என்ன தப்பு இருக்கிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். அது அசையவில்லை. கௌரி அழுகிற பிள்ளையைச் சிவாவிடம் கொடுத்துவிட்டு வந்து இதை வாங்கி மார்பில் வைத்தாள். பிள்ளையின் நாக்கு வாய்க்கு வெளியே கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. ஒரு வாய் உறிஞ்சியது. இன்னொரு வாய். பிறகு அப்படியே விட்டுவிட்டது. புஷ்பா உள்ளங்காலைச் சுண்டினார், காதைத் தேய்த்தார், ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தார். பிள்ளை மெதுவாகக் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. பக்கத்துக் காம்பரா அறைக்குள் சிவாவின் கையில் அதே வயசுப் பிள்ளை பசியில் வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது.

நான் பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். புஷ்பா கொஞ்ச நேரம் அந்தக் காம்பராப் பக்கம் பார்த்தார், பிறகு கௌரியின் மடியைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கண்ணால் கண்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு தாங்காது.

"எங்க போகணும் மிஸ்?" என்றார். அதற்குள் போர்வையை எடுத்துவிட்டார்.

ஆட்டோவில் வைத்தியசாலை வரைக்கும் அவர் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "அழலன்னு சந்தோஷப்பட்டனே மிஸ்."

"பச்சப் பிள்ள சமர்த்தா தூங்குனா யாருதான் சந்தோஷப்பட மாட்டாங்க?" என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல, உண்மை.

டொக்டர் சொன்னபடியே காத்திருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் இரத்தம் எடுத்தார், முடிவு வரும்வரை இருக்காமல் அப்போதே மாத்திரையைத் தொடங்கினார். ஊசி இறங்கும்போது பிள்ளை அழுதது. கொஞ்சம் தாமதமாக, கரகரத்த சின்னக் குரலில். புஷ்பா காதைப் பொத்திக்கொண்டார். மறுநாள் ஆய்வுகூடத்து யாழ்ப்பாணத்தார் போன் எடுத்தார். "ஓம் மிஸ். இதுதான் அந்தப் பிள்ளை," என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரும் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை.

அதோடு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். காலத்துக்குள் பிடித்துவிட்டோமா, பிந்திவிட்டோமா என்பதை அந்த டொக்டராலும் சொல்ல முடியவில்லை. "நேரம் அதிகம் போகவில்லை என்று நம்புகிறேன்," என்றார். நம்புகிறேன் என்ற அந்த வார்த்தையை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், அதோடேயே சமைத்தேன், அதோடேயே படுத்தேன். கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் பிள்ளை தலையைத் தூக்குகிறதா, முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று மற்றதோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒப்பிடாதே என்று தாய்மாருக்குப் புத்தி சொல்கிறவள் நான்தான்.

இந்தக் கதையிலிருந்து உங்களுக்கு ஒன்றைத் தர வேண்டுமென்றால் இதைத் தருகிறேன். நம்முடைய ஆட்கள், தோட்டமோ டவுனோ, வைத்தியசாலைக்குள் வந்துவிட்டால் 'ஆமா' என்றுதான் சொல்வார்கள். இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவோம், ஏசுவோம் என்ற பயம். அந்தப் பயத்தை அவர்களுக்குக் கொடுத்தது நாம்தான். அதனால் ஆமா என்று முடிகிற கேள்வியைக் கேட்காதீர்கள். இதுதானா என்று கேட்காமல், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். எந்தப் பிள்ளை எப்படித் தூங்குகிறது, எப்படிக் குடிக்கிறது என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். அவர்கள் பெருமையாகச் சொல்வதை இன்னும் கூர்ந்து கேளுங்கள். குறை சொல்ல வருகிறவர்களை எல்லாரும் கவனிப்பார்கள், பெருமை பேசுகிறவர்களை யாரும் கவனிப்பதில்லை.

மாத்திரை தொடங்கி சில வாரம் போயிருக்கும். பகல் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைக்கப் போகிறேன், போன் அடிக்கிறது. புஷ்பாவின் இலக்கம். அந்த நேரத்தில் அந்த வீட்டிலிருந்து போன் வந்தால் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோற்றுக் கையோடே எடுத்தேன்.

"புஷ்பா? என்ன நடந்துச்சு?"

ஒரு பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூச்சு வாங்கி வாங்கி, கோபத்தோடு.

"கேக்குதா மிஸ்?"

"கேக்குது. எது அழுவுது?"

"ரெண்டும் மிஸ்," என்றார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "பால் கொஞ்சம் பிந்திருச்சு. மொதல்ல கத்துனது என்னோடதுதான்."

போனை நான் முதலில் வைக்கவில்லை. சோறு கையில் காய்ந்துபோகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.